பழம்பொரி மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

மகள் பால், நெய், முட்டை மூன்றையும் நிறுத்திவிட்டாள். மாலையில் இனிப்பாக ஏதாவது கேட்டதும் பழம்பொரிதான் நினைவுக்கு வந்தது. அதில் எப்படியும் இவை எதுவும் வேண்டாமே.

தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரம் பழம் இரண்டை நீளவாக்கில் சீவினேன். 1 கப் மைதா, 2 கரண்டி அரிசி மாவு, சர்க்கரை, ஏலக்காய், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், தண்ணீர். தேங்காய் எண்ணெயில் போட்டதும் அழகாக உப்பியது. தட்டில் எடுத்து வைத்து 10 நிமிடம்கூட இல்லை, தொளதொளவென்று ஆகிவிட்டது. சில துண்டுகளில் மாவு சட்டையைக் கழற்றியது போலத் தனியே வந்துவிட்டது. (சாப்பிட்டுத் தீர்த்துவிட்டோம், அது வேறு கதை.)

பழம் அதிகம் கனிந்துவிட்டதா, மாவு நீர்த்துவிட்டதா? சர்க்கரையைக் குறைத்தால் சரியாகுமா? அப்புறம், இதே மாவில் அன்னாசி முக்கிப் பொரித்தவர்கள் யாராவது உண்டா? சாறு எண்ணெயில் தெறிக்குமோ என்று பயமாக இருக்கிறது.