ஜிப்சி கிங் முன் ஆக்ஸிலில் குரோமோலி செட் போட்ட பிறகு டக் டக் சத்தம், கிரீஸ் ஒழுகல், ஸ்டியரிங் கனம்

அல்சூர் ஜிப்சி:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வண்டி 2006 மாருதி ஜிப்சி கிங் (ஃபோர் வீல் டிரைவ்), எம்பிஎஃப்ஐ பெட்ரோல் என்ஜின், ஹார்டு டாப். டயர் 215/75 ஆர் 15, முன்னாலும் பின்னாலும் ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) மாற்றி ஒன்றரை இன்ச் உயர்த்தியது. மூன்று மாதத்துக்கு முன் கனகபுரா பக்கம் ஒரு பாறைச் சரிவில் ஏற முடியாமல் ரிவர்ஸில் இறங்கும்போது, ஸ்டியரிங் முழுக்க வலப்பக்கம் ஒடித்திருந்த நிலையில், டமார் என்று ஒரு சத்தம். வலது முன் சக்கரத்தின் பர்ஃபீல்டு ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருந்தாலும் ஆக்ஸிலின் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) உடைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் கிண்ணம் இரண்டாகப் பிளந்து, உருண்டைகள் கிரீஸுக்குள் கிடந்தன.

ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் ஒருநாள் போகும் என்று நினைத்து, வெளியிலிருந்து தருவித்த குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த வலுவான எஃகு) பர்ஃபீல்டும் ஆக்ஸில் ஷாஃப்டும் இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன். கூடவே புது லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு இணைத்துப் பிரிப்பது), கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) சீல் செட். ஒரு கேரேஜில் கொடுத்து மாட்டினேன், ஒன்றரை நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மூன்று தொல்லை. ஃபோர் வீலில் போட்டு இடது பக்கம் திருப்பினால் டக் டக் என்று சத்தம். இடது நக்கிளின் பின்பக்கம் கறுப்பாக ஒழுகி டயரின் உள்பக்கம் வரை வந்துவிட்டது. ஸ்டியரிங் கனத்துவிட்டது, வளைவில் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேருக்குத் திரும்புவதில்லை. பார்ட்ஸே சரியில்லையா, மாட்டியதில் தப்பா? நிறைய பணம் போட்டிருக்கிறேன், மனசு ஆறவில்லை.

ஜே.சி. ரோடு வாசி:
முதலில் ஒன்று சொல்லுங்கள் நண்பா, அந்தச் சத்தத்தை எங்கே கேட்டீர்கள்? தார் ரோட்டிலா, மண்ணிலா? ஜிப்சியில் சென்டர் டிஃப்ரன்ஷியல் (முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) கிடையாது. ஃபோர் வீலில் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் சறுக்கி அதைச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தாரில் சறுக்க முடியாமல் ஆக்ஸில் முறுக்கேறி வண்டி திணறித் துள்ளும். அந்தச் சத்தத்தை ஜாயின்ட் உடைந்த சத்தம் என்று நினைத்து நல்ல பார்ட்டைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வாங்கியது வைட் டிராக் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி கூடிய மாடல்) செட் தானா? 1993க்கு முந்தைய ஜிப்சியின் டிராக் 90 மி.மீ. குறைவு, அதன் ஷாஃப்ட் உங்கள் வண்டிக்கு ஆகாது. வெளிநாட்டிலிருந்து வரும் செட்டில் எந்த மாடலுக்கு என்பது பெட்டியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இருந்ததுண்டு. பழைய ஷாஃப்டை வைத்திருந்தால் பக்கத்தில் கிடத்தி நீளம் அளந்து, இரண்டு முனையிலும் பல்லை எண்ணிப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே நீளம் இல்லை, அதையும் மறக்காதீர்கள்.

அல்சூர் ஜிப்சி:
தாரில்தான் கேட்டேன் அண்ணா, வீட்டுப் பக்கத்து ரோட்டில். நீங்கள் சொன்ன பிறகு இன்று காலையில் ஒரு மண் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். துள்ளல் போய்விட்டது, ஆனால் இடது பக்கம் ஒடித்து லோவில் (டிரான்ஸ்பர் கேஸின் மெதுவான, வலு கூடிய கியரில்) ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் டக் டக் இன்னும் இருக்கிறது. வலது பக்கம் ஒடித்தால் இல்லை. நீளமும் பல்லும் பழையதோடு ஒத்துப்போகிறது.

பீன்யா லேத்:
அப்படியானால் உங்களுக்கு இருப்பது நிஜமான சத்தம். பார்ட்டைக் குறை சொல்வதற்கு முன் மாட்டிய விதத்தைப் பாருங்கள் தம்பி. ஜிப்சி நக்கிளைப் பிரித்து மாட்டுவது சாதாரண வேலைதான், ஆனால் அவசரம் ஆகாது. இரண்டு பக்கத்தையும் சீராகச் செய்ய எனக்கே முழுசாக இரண்டு நாள் ஆகும், அதுவும் எல்லாச் சாமானும் கையில் இருந்தால்.

ஒழுகலை முதலில் சொல்கிறேன், அதுதான் அவசரம். அந்தக் கறுப்பைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கெட்டியாக இருந்து வாசனை பெரிதாக இல்லை என்றால் அது வெறும் கிரீஸ், நக்கிளில் அளவுக்கு மீறி அடைத்திருப்பார்கள், வெளி சீல் வழியாகப் பிதுங்குகிறது. தண்ணீர் மாதிரி ஓடி, மூக்கில் கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். ஆக்ஸில் குழாயின் முனையில் உள்ளே ஒரு ஆயில் சீல் இருக்கிறது, டிஃப்ரன்ஷியல் ஆயிலை நக்கிளுக்கு வராமல் தடுப்பது அதுதான். ஷாஃப்டை உள்ளே செலுத்தும்போது அதன் பாரத்தை அந்த சீலின் உதட்டில் சாய்த்து இழுத்தால் பல்லு உதட்டைக் கிழித்துவிடும். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ஷாஃப்டைத் தூக்கி நடுவில் பிடிக்க, ஒருவர் மெதுவாகத் தள்ள, உதட்டில் முன்கூட்டியே கொஞ்சம் ஆயில் தடவியிருக்க வேண்டும். கிழிந்தால் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்துவிடும், ஜாயின்டுக்கு உயவு இல்லாமல் போகும், டிஃப்ரன்ஷியலில் ஆயில் மட்டம் இறங்கும். அதைவிட ஆபத்து, இந்த ஒழுகல் டிஸ்கில் பட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பேடு நனைந்திருந்தால் துடைத்துப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பிரீதரையும், அதாவது ஆக்ஸிலின் காற்றுப் போக்கியையும், கழற்றி ஊதிப் பாருங்கள். அது சேறு அடைத்துக் கிடந்தால் ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். சூடான ஆக்ஸிலோடு ஆற்றில் இறங்கினால் தலைகீழாக, உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ரப்பர் குழாய் மாட்டி என்ஜின் பக்கம் உயரத்தில் கட்டிவிடுங்கள், செலவு ரொம்பக் குறைவு.

ஸ்டியரிங் கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கிங்பின் ஷிம் (பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு). கழற்றும்போது மேலே எத்தனை ஷிம், கீழே எத்தனை, எந்தப் பக்கம் என்று கட்டிவைத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கலந்து போட்டிருப்பார்கள். புது பேரிங் போட்டாலே அளவு மாறும், பழைய ஷிமை அப்படியே வைத்தாலும் பார்த்தே ஆக வேண்டும். ஷிம் குறைந்தால் பேரிங் இறுகும், கூடினால் ஆட்டம் வரும். டை ராடை (இரண்டு பக்க நக்கிளையும் இணைக்கும் கம்பி) கழற்றிவிட்டு, வெளி சீலையும் எடுத்துவிட்டு, நக்கிள் கையின் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் நொடியில் 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். நான் ஒன்றரை கிலோவில் வைப்பேன். மீன் கடைத் தராசு போதும்.

சத்தத்துக்கு ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் முனையில் ஒரு சர்க்ளிப் (காடியில் உட்காரும் பூட்டு வளையம்) இருக்க வேண்டும். அதை மாட்ட ஷாஃப்டை வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும், ஷாஃப்ட் முனையில் அதற்காகவே மரை போட்ட ஓட்டை உண்டு, போல்ட் முறுக்கி இழுக்கலாம். இது தெரியாதவர்கள் சர்க்ளிப் ஏறவில்லை என்று விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் ஷாஃப்ட் உள்ளே நழுவும், ஹப்பின் பல் பாதிதான் பிடிக்கும், பளு வந்தால் தாண்டித் தாண்டி அடிக்கும். ரொம்ப நாள் ஓட்டினால் பல் உருண்டு ஹப்பே போய்விடும். வீல் பேரிங் நட்டையும் பாருங்கள், உளி வைத்துச் சுத்தியலால் தட்டிய தழும்பு இருந்தால் சரியான சாக்கெட் இல்லாமல்தான் முறுக்கியிருக்கிறார்கள், அந்த பேரிங்கின் இறுக்கத்தையும் திரும்ப வைக்க வேண்டும்.

சக்லேஷ்பூர் சேறு:
பீன்யா அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, குரோமோலி உங்களுக்குத் தேவையா? கிங்கின் என்ஜின் 103 என்எம் டார்க் (முறுக்கு விசை), டிரான்ஸ்பர் கேஸின் லோ விகிதம் 2.268. கம்பெனி டயரோடு இந்த வலுவில் கம்பெனி பர்ஃபீல்டு நேர் ரோட்டிலும் சேற்றிலும் உடைவதை நான் பார்த்ததே இல்லை. உடைவதெல்லாம் உங்களுக்கு நடந்த மாதிரிதான்: முழு ஒடிப்பு, ரிவர்ஸ், ஒரு சக்கரம் கல்லில் சிக்கிய நிலையில் ஆக்ஸிலரேட்டர். இந்த ஜாயின்டில் ஆறு உருண்டைகள் சேர்ந்து பளுவைச் சுமக்கின்றன. ஒடிப்பு கூடக் கூட உருண்டைகள் கிண்ணத்தின் விளிம்புக்கு வரும், பளு சமமாகப் பிரியாது. என்ன இரும்பு போட்டாலும் அந்தக் கோணம் மாறாது.

என் பயம் வேறு. பர்ஃபீல்டு உடைந்தால் காட்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரத்தில் மாற்றலாம், நான் சக்லேஷ்பூர் மழையில் தார்ப்பாய் விரித்து மாற்றியிருக்கிறேன். அதை உடையாததாக ஆக்கிவிட்டால் அடுத்து போவது டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும். அதைக் காட்டில் மாற்ற முடியாது, கயிறு கட்டித்தான் இழுத்து வர வேண்டும். ஷேக்கிள் உயர்த்தியதையும் சேர்த்து யோசியுங்கள். ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது, அதை நீளமாக்கினால் ஆக்ஸில் முன்னால் சாய்ந்து காஸ்டர் (ஸ்டியரிங்கை நேருக்குத் திரும்ப வைக்கும், கிங்பின் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாகத் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கிங்பினை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான்.

பீன்யா லேத்:
காஸ்டர் விஷயம் சரி. ஆனால் ஷேக்கிள் போட்டு ஓட்டியபோதும் ஸ்டியரிங் இப்படி இருந்ததா என்று தம்பியிடம் கேட்க வேண்டும். முன்பு நன்றாக இருந்து இப்போது கனத்தது என்றால் முதலில் கிங்பின், அப்புறம்தான் காஸ்டர். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்துக் காஸ்டரைக் கூட்டலாம், ஆனால் கூட்டினால் பினியன் மூக்கு கீழே சாயும், முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். ஒன்றரை இன்ச் உயரத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் நான் வைக்க மாட்டேன்.

குரோமோலி பற்றி எனக்கு வேறு கருத்து. டயர் பெரிதாக்கியாச்சு, இனி கம்பெனி பார்ட்டுக்கு அது கூடுதல் பளு. போட்டது போட்டதாக இருக்கட்டும். ஆனால் குரோமோலி இருக்கிறது என்று முழு ஒடிப்பில் மிதிக்கக் கூடாது, அதில் சேறு அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

அல்சூர் ஜிப்சி:
ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போனது. கேரேஜுக்குக் கொண்டுபோகவில்லை, சாமான் கடன் வாங்கி வீட்டிலேயே பிரித்தேன், என் மச்சான் கூட இருந்தான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து.

இடது ஹப்பைக் கழற்றியதும் முதல் விஷயம் கண்ணில் பட்டது: சர்க்ளிப் இல்லை. வலது பக்கம் இருக்கிறது. ஹப் பல்லின் நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, இன்னும் வேலை செய்யும் என்றுதான் தோன்றுகிறது. வீல் பேரிங் நட்டில் உளித் தழும்பு இரண்டு பக்கமும். ஒழுகல் கியர் ஆயில்தான், முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. உள் சீலின் உதடு அடிப்பக்கம் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது, ஷாஃப்டை அதன் மேலேயே சாய்த்து இழுத்திருக்கிறார்கள். நல்லவேளை பேடில் படவில்லை. பிரீதர் முழுக்க அடைத்துக் கிடந்தது.

தராசை மாட்டி இழுத்தால் இடது பக்கம் நாலு கிலோ தாண்டித்தான் நகர்ந்தது. வலது பக்கம் இரண்டே கால். இடது பக்கத்தில் ஒரு ஷிம்தான் இருந்தது, கேட்டால் கழற்றும்போது எத்தனை இருந்தது என்று ஞாபகமில்லை என்கிறார்கள். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் ஷிம் வாங்கி வந்து, வைத்து, இழுத்து, எடுத்து, திரும்ப வைத்து, கடைசியில் இரண்டு பக்கமும் ஒன்றரையில் நிறுத்தினேன். அந்த ஒரு வேலைக்கே மூன்று மணி நேரம். புது உள் சீல், மாலிப்டினம் கலந்த புது மாலி கிரீஸ், சர்க்ளிப், வீல் நட்டுக்குச் சரியான சாக்கெட்.

சேறு அண்ணா, ஷேக்கிள் போட்டு ஒரு வருடம் ஆகிறது, அப்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பியது, கொஞ்சம் சோம்பலாக. இப்போதும் அப்படியே ஆகிவிட்டது. ஆப்பு வைக்கலாமா என்று அப்புறம் யோசிக்கிறேன். நேற்று மாலை மண்ணில் லோவில் இடது வலது இரண்டு பக்கமும் ஒடித்து ஓட்டினேன், சத்தம் இல்லை. இன்று காலையில் நக்கிளுக்குக் கீழே விரித்திருந்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. பழைய உடையாத இடது பர்ஃபீல்டைக் கழுவி, கிரீஸ் வைத்து, பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கூட ஒரு உள் சீலும், இரண்டு சர்க்ளிப்பும், அந்த சாக்கெட்டும்.

ஜே.சி. ரோடு வாசி:
இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிங்பின் போல்ட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள் நண்பா, புது ஷிம் அமுங்கிக் கொஞ்சம் தளரும். டிஃப்ரன்ஷியல் ஆயிலையும் மட்டம் பார்த்து நிரப்பிவிட்டீர்கள்தானே?

அல்சூர் ஜிப்சி:
ஆயில் மட்டம் பார்க்கவே இல்லை அண்ணா. இப்போதே கீழே போகிறேன்.