கணுப் பரவலைக் கணிக்கும் ரேடியோமிக்ஸ் மாடல்: உள்ளே 0.91, வெளியே 0.62

கேள்வி (பிக்சல்பித்தன்):
சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்று, 120 பேரின் சிடி. 38 பேருக்கு நிணநீர்க்கணுவில் பரவல். கட்டியை மட்டும் கையால் வரைந்து, பைரேடியோமிக்ஸ் மென்பொருளில் ஆயிரத்துக்கும் மேல் அம்சங்கள் (வடிவம், சாம்பல் செறிவு போன்றவற்றின் எண் அளவுகள்) எடுத்தோம். தேவையற்றவற்றைக் கழிக்கும் லாஸோ முறை 9-ஐத் தேர்ந்தது. கிராஸ் வேலிடேஷனில் (தரவை மடிப்புகளாகப் பிரித்து மாறிமாறிச் சோதிப்பது) ஏயூசி 0.91 (1 என்றால் பிழையில்லாக் கணிப்பு, 0.5 என்றால் வெறும் ஊகம்). வேறொரு மருத்துவமனையின் 45 படங்களில் 0.62. ஸ்கேனர் வேறு என்பதாலா? ஸ்கேனர் வேறுபாட்டைச் சமன்செய்யும் காம்பேட் போட்டால் சரியாகுமா?

மடிப்பு:
காம்பேட் இருக்கட்டும். லாஸோவை 120 பேரையும் சேர்த்து ஓட்டிவிட்டு அப்புறம்தான் மடிப்பு பிரித்தீர்களா? அப்படியென்றால் 0.91-ஐ மறந்துவிடுங்கள், சோதிக்க ஒதுக்கியவர்களின் விடை முன்பே மாடலுக்குக் கசிந்துவிட்டது. ஸ்கேலிங் (அம்சங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது), அம்சத் தேர்வு, லாம்டா (லாஸோ எவ்வளவு கழிக்கும் என்பதை முடிவு செய்யும் எண்) மூன்றும் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புதிதாக நடக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: பரவல் உண்டு, இல்லை என்ற பத்தியைக் குலுக்கிப்போட்டு மொத்த நிரலையும் மறுபடி ஓட்டுங்கள். 0.5-ஐ ஒட்டி வராவிட்டால் கசிவு இருக்கிறது. தவிர, 38 நிகழ்வுக்கு 9 அம்சம் அதிகம். 3, மிஞ்சிப்போனால் 4.

கனஅளவு:
அந்த 9-இல் எனர்ஜி, கிரே லெவல் நான்-யூனிஃபார்மிட்டி என்ற அம்சங்கள் இருக்கிறதா? இரண்டும் வோக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறுபவை. டெக்ஸ்சர் (கட்டிக்குள் இருக்கும் இழையமைப்பு) என்று நினைத்துக் கட்டியின் அளவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். 2014-இல் ஏர்ட்ஸ் குழு வெளியிட்ட புகழ்பெற்ற நான்கு அம்சக் கையொப்பத்துக்கே (நோயின் போக்கைக் கணிக்கும் அம்சத் தொகுப்பு) இதுதான் நடந்தது. 2019-இல் வெல்ச் குழு கட்டிக்குள் இருக்கும் வோக்சல் மதிப்புகளைக் கலைத்துப்போட்டும் கணிப்புத் திறன் குறையவில்லை. நீங்களும் கலைத்துப் பாருங்கள். கன அளவு மட்டும் உள்ள மாடலையும் பக்கத்தில் வையுங்கள்.

பிக்சல்பித்தன்:
லாஸோ வெளியேதான் ஓடியிருக்கிறது. உள்ளே தள்ளினால் 0.68. கன அளவு மட்டும்: 0.66.

மடிப்பு:
அப்போது 0.62 பெரிய சரிவே இல்லை. ஸ்கேனர் மேல் பழி போட இடமில்லை.

கெர்னல்:
ஸ்கேனர் வேறுபாட்டை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். 1.25 மிமீ, 5 மிமீ ஸ்லைஸ்கள் கலந்திருந்தால் 1 மிமீக்கு ரீசாம்பிள் செய்வது ஒப்புக்குத்தான். 5 மிமீ படத்தில் இல்லாத நுணுக்கம் இன்டர்போலேஷனில் வந்துவிடாது. தடித்த ஸ்லைஸ்களைத் தனியே பிரியுங்கள். கூர்மையான லங் கெர்னலையும் (கெர்னல் என்பது சிடி படத்தை உருவாக்கும் வடிகட்டி) மென்மையான கெர்னலையும் ஒன்றாகப் போடாதீர்கள், நாய்ஸையே டெக்ஸ்சர் என்று மாடல் படிக்கும். இருபது முப்பது கட்டிகளை இன்னொருவரை வரையச் சொல்லி, ஐசிசி (இருவரின் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 0.75-க்குக் கீழே போகும் அம்சங்களை லாஸோவுக்கு முன்பே கழியுங்கள். காம்பேட்டுக்கு ஒவ்வொரு ஸ்கேனரிலும் ஒரு கூட்டம் வேண்டும். நாளை புது ஸ்கேனரிலிருந்து ஒரே ஒரு நோயாளி வந்தால் அது உதவாது.

கணு:
அந்த 38-ஐ எப்படி முடிவு செய்தீர்கள்? பெட் ஸ்கேனில் ஒளிர்ந்ததை வைத்தென்றால், நம் ஊரில் காசநோய்க் கணுவும் அப்படியேதான் ஒளிரும். அறுவையிலோ ஈபஸ் (மூச்சுக்குழாய் வழி அல்ட்ராசவுண்ட்) ஊசியிலோ எடுத்த திசு முடிவு உள்ளவர்களை மட்டும் வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.