2013 டீசல் எஸ்யூவி, 1.62 லட்சம் கிமீ: பெங்களூருவில் வாங்கலாமா, எவ்வளவு செலவு வைக்கும்?

பிடிஎம்_டீசல்:

எல்லாருக்கும் வணக்கம். 2013 நவம்பர் பதிவு, கேஏ-05, இரண்டாவது ஓனர். 2.2 லிட்டர் டீசல், ஏழு சீட், பின்சக்கர டிரைவ். 4.60 லட்சம் கேட்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததில் நான்கு விஷயம் உறுத்துகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் வெள்ளைப் புகை. 2000 ஆர்பிஎம் தாண்டினால் பிக்கப் செத்துப்போகிறது. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது. விற்பவரின் மெக்கானிக் "டர்போ மட்டும்தான் சார், 55,000-ல் முடிச்சிடலாம்" என்கிறார். தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி, மாதம் ஒருமுறை சேலம். முதல் வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

நாலாம்_கியர்:

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) என்று யாராவது சொன்னால், முதலில் மலிவான சாமான்களைப் பாருங்கள் சார். பிக்கப் போவதற்கு டர்போவைவிட அதைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான் பெரும்பாலும் காரணம்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைக் கையால் அமுக்கி, மடித்துப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கிளாம்புக்குப் பக்கத்தில், அடிப்பக்கமாக ஒளிந்திருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் காற்று அங்கேதான் போகிறது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். ஹோஸ் 1,500 முதல் 3,000 வரை. அடுத்தது விரல் பருமன்கூட இல்லாத வேக்யூம் டியூப்கள். பத்து வருட இன்ஜின் சூட்டில் காய்ந்து முனையில் கீறல் விடும். மீட்டர் கணக்கில் வாங்கி மாற்றினால் 300 ரூபாய்.

டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் வேக்யூமில் இயங்குவது என்றால், ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் டர்போ பக்கத்தில் உள்ள கம்பியைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கம்பி இழுபட வேண்டும், ஆஃப் செய்ததும் திரும்பி வர வேண்டும். அசையவே இல்லையென்றால் டியூப், சோலனாய்டு (வேக்யூமைத் திறந்து மூடும் மின் வால்வு), ஆக்சுவேட்டர் என்ற வரிசையில் பார்க்கணும். இதெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் டர்போ. ஆறிய இன்ஜினில் ஏர் பைப்பைக் கழற்றி, சின்ன விசிறியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, விசிறி ஓரம் உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது. அப்போதும் முழு டர்போ தேவையில்லை. நடுப்பகுதியை மட்டும் மாற்றிக் கட்டினால் 15,000 முதல் 22,000-க்குள் முடியும்.

ஈஜிஆர் வால்வையும் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்தே வாழ்ந்த வண்டியில் கரி தார் மாதிரி கெட்டியாகப் படிந்திருக்கும். லேபரோடு 2,000. டீசல் ஃபில்டர் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் அதையும் மாற்றிவிடுங்கள், அடைத்தாலும் இதே மாதிரிதான் இழுக்காது.

கிளோ_பிளக்:

வெள்ளைப் புகையை மூக்கால் பிரிக்கலாம். பச்சை டீசல் வாடை கண்ணை எரித்தால் கிளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக சூடேற்றுவது) அல்லது இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது). லேசான இனிப்பு வாடை, அதோடு கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள சீல்). ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்தில் மறையும் நீராவி டிசம்பர் பெங்களூருவில் எல்லா வண்டிக்கும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு: இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் கூலன்ட் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தாலோ, ஆறிய இன்ஜினை மூடி போட்டு ஸ்டார்ட் செய்து இரண்டே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிவிட்டாலோ வண்டியை விட்டுவிடுங்கள். ஹெட் இறக்கி ஏற்றினால் 35,000-த்தில் ஆரம்பிக்கும், எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுவார்கள். மூன்றில் ஒரே அளவு டீசல் இருந்து, ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. ரீகண்டிஷன் ஒன்றுக்கு 6,000 முதல் 8,000, புதிது 15,000-க்கு மேல்.

கிளோ பிளக் நான்கும் சேர்த்து 5,000 ஆகும். ஒரு எச்சரிக்கை: பழைய பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் முறுக்கினால் ஹெட்டுக்குள்ளேயே உடையும். முதல் நாள் துருநீக்கி எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மெதுவாகத் தளர்த்தச் சொல்லுங்கள். அவசரப்படும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வேறு மாடலும் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்: வால்வுகளை நேரத்துக்கு இயக்க மஹிந்திரா எம்ஹாக் 2.2 டீசல் இன்ஜினில் டைமிங் செயின். ரெனோ டஸ்டர் 1.5 டீசலிலும், பழைய ஃபார்ச்சூனர் 3.0-விலும் டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜினே போகும். மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள்.

ஜேசி_ரோடு_பார்ட்ஸ்:

கிளட்ச், சஸ்பென்ஷன் பற்றி நான் சொல்கிறேன். கிளட்ச் கல் மாதிரி இருந்தால் அதன் பிரஷர் பிளேட் முடிவுக்கு வந்துவிட்டது. மிதிக்கும்போது 'கிர்ர்' வந்தால் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து. செட் 10,000 முதல் 13,000, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்ற 5,000. ஆனால் முக்கியமானது ஃப்ளைவீல். இன்ஜினை ஆஃப் செய்யும்போது 'கடகட' என்று உதறினால், அது டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்த சக்கரம்) உள்ள மாடலாக இருந்தால், இன்னும் 30,000-க்கு மேல் சேரும். வாங்கும் முன் ஐந்தாறு முறை ஆஃப் செய்து காது கொடுத்துக் கேளுங்கள்.

'டொக்' சத்தத்துக்கு முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடம் வலமாகப் பிடித்து ஆடினால் டை ராடு எண்ட். இரண்டும் இல்லையென்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மின் முனையில் உள்ள ரப்பர்). வெறும் புஷ் மட்டும் அடித்துப் போட்டால் மலிவுதான், ஆனால் நம் சாலைக் குழிகளுக்கு அது தாங்குவதில்லை, ஆர்மாகவே மாற்றுங்கள். முன்பக்கம் முழுக்க 14,000 முதல் 18,000.

ஆக, கிளட்ச், முன் சஸ்பென்ஷன், கிளோ பிளக், எல்லா ஆயிலும் கூலன்ட்டும் மாற்ற 12,000 என்று உறுதியான செலவே 46,000 முதல் 53,000 வரை வரும். இன்ஜெக்டர், டர்போவுக்கு இன்னொரு 50,000 கையிருப்பு. டயர் தேய்ந்திருந்தால் நான்குக்கும் 40,000 தனி. இவை ஃபோர்மேன் இருக்கும் வெளி ஷெட் விலை, கம்பெனி சர்வீஸில் இன்னும் கூடும். 3.90 லட்சத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பிடிஎம்_டீசல்:

மிக்க நன்றி. சனிக்கிழமை மறுபடி போகிறேன். புகை தெரியாதபடி இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் என்ன செய்வது? பேப்பரில் எதைப் பார்க்கணும்?

நாலாம்_கியர்:

காலை ஏழு மணிக்கு, முந்தின நாள் இரவில்தான் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.

ஆர்சி (பதிவுச் சான்று) 2028 நவம்பர் வரைதான். அதற்குப் பிறகு ஃபிட்னஸ் பார்த்துத்தான் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். டிராஃபிக் அபராத பாக்கியை வண்டி எண் போட்டுப் பார்த்து விலையில் கழியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றணும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடுதலாக வரும்.