குடும்பத்தோடு சிங்கப்பூர் வருவதா, முதலில் தனியாக வருவதா? கணக்கு பேசுவோம்

தெம்பனிஸ்வாசி எழுதியது:

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வேலை மாறி இங்கே வருகிற நம்மாட்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மாதம் 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம், மனைவி, ஒரு பிள்ளை, கட்டுப்படியாகுமா?" மாதக் கணக்கு போட்டால் இழுத்துப் பிடித்துக் கட்டுப்படியாகும். ஆனால் ஊர் மாறுகிறவனை அடிப்பது வந்து இறங்குகிற அந்த முதல் மாதம்தான்.

பொங்கோல் பக்கம் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வாடகை 3,200, இரண்டு வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் இரண்டு மாதம், 6,400. முதல் மாத வாடகை 3,200. முகவர் கமிஷன் ஒரு மாதம், 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,488. முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அது ஒரு 307. ஆக 13,395 வெள்ளி, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே. அதே ஆள் தனியாக வந்து ஓர் அறையை 1,000 வெள்ளிக்கு ஒரு வருடம் எடுத்தால் முன்பணம், முதல் வாடகை, அரை மாதக் கமிஷன், வரி எல்லாம் 2,600-க்குள் முடிந்துவிடும்.

அதனால் என் கட்சி இது: முதல் ஒரு வருடம் தனியாக வாருங்கள், வேலை நிலைத்த பிறகு குடும்பத்தைக் கூப்பிடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எண்ணோடு வாருங்கள்.

ஈசூன்_அக்கா எழுதியது:

எண்ணோடுதானே, வந்துவிட்டேன். உங்கள் 13,395-இல் 6,400 முன்பணம், திரும்பி வருகிற காசு. 3,200 வாடகை, எங்கே இருந்தாலும் கொடுக்க வேண்டியது. போனது போனதுதான் என்று சொல்லக்கூடியது கமிஷனும் வரியும் மட்டும், 3,795. அதை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 158 வெள்ளி. இதற்காகவா ஒரு வருடம் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு இருக்கச் சொல்கிறீர்கள்?

அடுத்தது, ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் எல்லாம் இரண்டு. சென்னை வீட்டு வாடகையோ வங்கித் தவணையோ அப்படியே ஓடும். இங்கே அறைக்கு 1,000. விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்று போட்டிருப்பார்கள், அதற்கு அர்த்தம் மேகி போடலாம், முட்டை அவிக்கலாம், கடுகு தாளித்தால் வீட்டுக்காரம்மா அடுப்படி வாசலில் வந்து நிற்பார். அப்புறம் மூன்று வேளையும் கடைதான். காபிக்கடைத் தோசை, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு சாப்பாடு, ராத்திரிக்கு ஏதாவது, ஒரு நாளைக்கு 18, 20 வெள்ளி சர்வ சாதாரணமாகப் போகும். மாதம் 550, 600. அதே காசில் வீட்டில் மூன்று பேர் சாப்பிடலாம். தீபாவளி, பொங்கல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விமான டிக்கெட் தனி.

அங்கே தனியாக வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகிறாளே, அந்த உழைப்புக்கு உங்கள் கணக்கில் எந்த வரியில் காசு எழுதியிருக்கிறீர்கள்?

தெம்பனிஸ்வாசி எழுதியது:

//அங்கே தனியாக வேலைக்கும் போகிறாளே//

அக்கா, நீங்களே என் பாயின்டுக்கு வந்துவிட்டீர்கள். அவர் அங்கே வேலைக்குப் போகிறார். இங்கே டிபெண்டன்ட் பாஸில், அதாவது வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில் வந்தால் போக முடியாது. முன்பு ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வேலை பார்க்கலாம், 2021 மே மாதத்திலிருந்து அது கிடையாது, வேலை கொடுக்கிற கம்பெனி அவருக்கென்று தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். தொழில்முறை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 5,600 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறும். வந்த உடனே அப்படி ஒரு வேலை எத்தனை பேருக்கு மாட்டும்?

சென்னையில் அவர் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வாங்குகிறார் என்றால் கிட்டத்தட்ட 1,400 வெள்ளி. குடும்பத்தோடு வருகிற நாளிலேயே அந்த 1,400 போய்விட்டது. உங்கள் 158-க்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள். எல்லாரும் "சம்பளம் மூன்று மடங்கு" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு சம்பளத்தை ஒரு சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த மூன்று மடங்கு எங்கே போனது என்று தெரியாது.

ஈப்போ_மணியம் எழுதியது:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நாங்கள் மலேசியாக்காரர்கள், ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது ஈப்போ, அதனால் இந்தத் தலைவலி எங்களுக்குப் பாதிதான். ஆனால் நம்மாட்களிடம் ஒரு பழக்கம், எதைப் பார்த்தாலும் ஊர்ப் பணத்தில் பெருக்கிவிடுவது. சம்பளத்தைப் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷம், காபியைப் பெருக்கிப் பார்த்து வயிற்றெரிச்சல். இங்கே சம்பாதித்து இங்கே செலவு செய்வதை வெள்ளியில் மட்டும் பாருங்கள், மிச்சத்தை மட்டும் ரூபாயாக்குங்கள். தெம்பனிஸ் அண்ணே, நீங்கள் இரண்டு கணக்கையும் கலந்து அடிக்கிறீர்கள்.

சிராங்கூன்_சாமி எழுதியது:

ஈசூன் அக்கா "முன்பணம் திரும்பி வருகிற காசு" என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். வாடகை வீட்டு விவகாரங்களில் கொஞ்சம் கை வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது திரும்பி வருவது நீங்கள் உள்ளே போகிற நாளில் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

சாவி வாங்கிய அன்றைக்கே ஒவ்வொரு சுவர், தரை, கதவு, குளியலறைக் குழாய், சமையல் மேடையின் விளிம்பு, மெத்தையின் அடிப்பக்கம் என்று படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கும் முகவருக்கும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, இமெயிலிலும் ஒரு பிரதி போகட்டும். ஒப்பந்தத்தில் ஏர்கான் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகைக்காரர் செலவு என்று இருக்கும், அந்த ரசீது ஒன்று குறைந்தாலும் கடைசியில் "கெமிக்கல் வாஷ்" என்று பிடித்துக்கொள்வார்கள். சின்ன ரிப்பேர் 150, 200 வெள்ளி வரை உங்கள் தலையில் என்றும் ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் போனால் யார் கொடுப்பது, முழுவதுமா அல்லது மிச்சத்தை மட்டுமா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். அப்படியும் முன்பணத்தில் நியாயமில்லாமல் கை வைத்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரை தொகை, வக்கீல் கிடையாது, கட்டணமும் சொற்பம். ஆனால் நீங்கள் ஊருக்கு மூட்டை கட்டிய பிறகு கோயம்புத்தூரிலிருந்து வழக்கு நடத்துவது வேறு கதை.

முக்கியமானது டிப்ளமேட்டிக் கிளாஸ். வேலை போனாலோ வேறு ஊருக்கு மாற்றினாலோ ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற பிரிவு. பலர் அது இருக்கிறது என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வழக்கமாக 12 மாதம் முடிந்த பிறகுதான் அதைத் தொட முடியும், இரண்டு மாத முன்னறிவிப்பு வேறு, ஆகக் குறைந்தது 14 மாத வாடகை நிச்சயம். அதற்கு மேல் வீட்டுக்காரர் தன் முகவருக்குக் கொடுத்த கமிஷனில் மிச்ச மாதத்துக்கான பங்கையும் கேட்பார்கள். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு இந்தப் பிரிவே பெரும்பாலும் கிடையாது. எட்டாவது மாதம் ஆட்குறைப்பு என்றால் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. வீவக வீட்டில் மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு ஒதுக்கீடு உண்டு, வட்டாரத்துக்கு 8 சதவீதம், புளோக்குக்கு 11. நிரம்பிவிட்டால் அந்த புளோக்கில் முழு வீடு நமக்குக் கிடைக்காது. வீடு பிடித்துப்போய் முன்பதிவுப் பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரே முகவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கக் கூடாது, அதுவும் சட்டம்.

ஈசூன்_அக்கா எழுதியது:

சாமி, சிரிப்பு இருக்கட்டும், நீங்கள் சொன்னது எல்லாம் ஒப்பந்தத்தைப் படிக்காதவர்களின் செலவு, குடும்பத்தோடு வந்ததன் செலவு இல்லை. குடும்பத்தோடு வருகிறவர் ஒரு வருட ஒப்பந்தம் போடட்டுமே. முன்பணம் ஒரு மாதம், கமிஷன் அரை மாதம். வாடகையில் வீட்டுக்காரர் ஒரு நூறு கூடக் கேட்டாலும் கொடுக்கலாம், அது சுதந்திரத்துக்கான விலை. அதைவிட, வேலைக்கு வரச் சொல்கிற கம்பெனியிடம் முதல் மாதம் தங்குமிடம், டிக்கெட், வீட்டு முன்பணத்துக்கு முன்கடன் இதெல்லாம் கேட்டு வாங்கலாம். சம்பளத்தில் 200 வெள்ளிக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் இதைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யார் கொடுப்பார்கள்?

மனைவியின் ஒரு லட்சம் பற்றி. ஒப்புக்கொள்கிறேன், அது பெரிய தொகை. ஆனால் அதற்கு அங்கே ஆயா, ஸ்கூல் வேன், வீட்டு வாடகை எல்லாம் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். மிச்சம் ஒரு லட்சமாக இருக்காது.

கோவை_திரும்பியவன் எழுதியது:

வருகிற செலவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பணம் கரைகிற இன்னொரு இடம் போகிறபோது.

ஊரில் மாதாமாதம் வரி பிடித்துக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே முழுச் சம்பளமும் கணக்கில் விழுவதைப் பார்த்தால் ஒரு மிதப்பு வரும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு மசேநி (மத்திய சேம நிதி) பிடித்தமும் கிடையாது. வரி அடுத்த வருடம் மொத்தமாகப் பில் வரும். ஆண்டுக்கு 84,000 வெள்ளி என்றால் குடும்பக் கழிவுகள் இல்லாமல் 3,700-க்குப் பக்கத்தில். ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வது) 12 தவணையாகக் கட்டலாம், சரி. ஆனால் வேலையை விட்டு நாட்டை விட்டுக் கிளம்பும்போது தவணை எல்லாம் செல்லாது, கம்பெனி வரித்துறைக்கு ஐஆர்21 என்ற வரிக்கணக்கு முடிக்கும் படிவம் அனுப்பி, வரி தீர்கிற வரை உங்கள் கடைசிச் சம்பளத்தையே நிறுத்தி வைக்க வேண்டும். 30 நாள் வரை ஆகலாம். அதே நேரத்தில் வீட்டு முன்பணமும் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டிருக்கும். டிக்கெட், சாமான் அனுப்புகிற செலவு, ஊரில் புது வீட்டு அட்வான்ஸ் எல்லாம் அந்த மாதத்தில்தான் வரிசையாக வந்து நிற்கும். அப்போது கையில் ரொக்கம் இல்லாதவன் கிரெடிட் கார்டைத் தேய்ப்பான்.

இன்னொன்று, சென்னை ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு. நீங்கள் இந்தியாவில் குடியிராதவர் ஆகிவிட்டால், உங்கள் ஃபிளாட்டில் வாடகைக்கு இருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். அவருக்கு இது தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது. பிறகு ரீஃபண்டுக்கு நீங்கள் ரிட்டர்ன் போட வேண்டும். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (குடியிராதவருக்கான) கணக்காக மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பதும் விதிமீறல்.

தனியாக வந்தவனுக்கும் குடும்பத்தோடு வந்தவனுக்கும் இந்தச் செலவு ஒன்றுதான் என்பதால் உங்கள் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை.

உள்ளூர்_தமிழன் எழுதியது:

பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லையே. உள்ளூர் அரசாங்கப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு நினைத்த மாதத்தில் இடம் கிடையாது. நடுவில் சேர ஏஇஐஎஸ் என்ற, வெளிநாட்டு மாணவர்களுக்கான சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும், தேறினாலும் காலியிடம் இருந்தால்தான். இங்கே கல்வியாண்டு ஜனவரியில், தமிழ்நாட்டில் ஜூனில். இடைப்பட்ட மாதங்களுக்கு அனைத்துலகப் பள்ளி என்றால் அந்தக் கட்டணத்தை முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் 7,000 போதுமா என்று கேளுங்கள்.

மருத்துவமும் அப்படித்தான். மெடிஷீல்டு லைஃப் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி குடிமக்களான எங்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ், அதற்குக் கீழே வொர்க் பெர்மிட், இந்த இரண்டு வகை ஊழியருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்பெனிக் காப்புறுதியில் மனைவி, பிள்ளை உண்டா என்று கேட்காமல் வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஊரில் ஓடிக்கொண்டிருக்கிற காப்புறுதியையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வருவார்கள், ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் புதிதாக எடுத்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து.

தெம்பனிஸ்வாசி எழுதியது:

நன்றி உள்ளூர்த் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டுமே என் பக்கம்தான் சாய்கிறது. பள்ளி, காப்புறுதி இரண்டையும் ஓர் ஆள் இங்கே இருந்து விசாரித்து முடித்த பிறகு குடும்பம் வரட்டும். சாமி சொன்ன 14 மாதம் இன்னும் பலமான வாதம். வேலை எத்தனை மாதம் நிலைக்கும் என்று தெரியாதவன் எதற்கு 14 மாதத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

வேண்டுமானால் ஒரு வருடம் என்பதைக் கொஞ்சம் குறைக்கிறேன். ப்ரொபேஷன் முடிகிற வரை. வீவக அறைக்கும் குறைந்தபட்சம் ஆறு மாதம், இரண்டும் பொருந்திப்போகும்.

ஈப்போ_மணியம் எழுதியது:

அறை எடுக்கிறவர்கள் சமையல் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள் அண்ணே. "லைட்" என்ற சொல்லை நம்பி மிக்சியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மின்சாரம் ஊரில் மாதிரி 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு, அடாப்டர் போட்டால் ஓடும். ஓட்ட விடுவார்களா என்பதுதான் விஷயம்.

ஈசூன்_அக்கா எழுதியது:

ஒரு வருடத்தில் ஆரம்பித்தீர்கள், இப்போது ஆறு மாதம். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிற மாதிரி இன்னும் கொஞ்சம் பேசினால் மூன்றுக்கு வருவீர்கள் போலிருக்கிறது.

ஆறு மாதம் என்றால் எந்த ஆறு மாதம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நவம்பரில் வருகிறவருக்கு நீங்கள் சொல்வது சரியாக வரும், ஏப்ரலில் ஊரில் பரீட்சை முடிந்ததும் பிள்ளை வரலாம், கட்டின பள்ளிக் கட்டணமும் வீணாகாது. ஜூனில் வேலை சேர்கிறவர் ஆறு மாதம் காத்திருந்தால் டிசம்பர், அங்கே வருடக் கட்டணம் கட்டியாகிவிட்டது, பாதியில் நிறுத்தினால் திருப்பித் தர மாட்டார்கள். அவர் மனைவியோடும் பிள்ளையோடும் மே மாதமே வந்துவிடுவதுதான் மலிவு. இதற்கு உங்கள் எண் என்ன?