ஒசாகாவில் நெட் இருந்தது, வழிதான் தெரியவில்லை

ஜப்பானில், ஒசாகாவின் கான்சாய் ஏர்போர்ட்டில் இறங்குவதற்கு முன்பே போனில் இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) போட்டு வைத்திருந்தேன். இறங்கி ஆன் செய்ததும் நெட் வந்துவிட்டது. இனி என்ன கவலை என்றுதான் இருந்தேன்.

ஊருக்குள் பல ரயில்கள் வந்து சேரும் உமேடா பகுதியில் மாட்டிக்கொண்டேன். அந்த ஒரே இடத்துக்கு எத்தனை பெயர் தெரியுமா? ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் வந்தால் ஸ்டேஷன் பெயர் ஒசாகா. சிவப்பு நிற மிடோசுஜி மெட்ரோவில் வந்தால் உமேடா. வேறு லைன்களில் ஹிகாஷி-உமேடா, நிஷி-உமேடா. அதாவது கிழக்கு, மேற்கு. எல்லாவற்றையும் தரைக்கடியில் ஓடும் கடைத்தெருக்கள் இணைக்கின்றன. போனில் சிக்னல் முழுசாக இருந்தது. ஆனால் மேப்பில் நீலப் புள்ளி ஒரு இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தது. நெட் கீழே வரைக்கும் வரும், சாட்டிலைட் சிக்னல் வராது. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. ஒரே கேக் கடையை மூன்று முறை கடந்தேன்.

கடை மூடிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் போனை நீட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. ‘உஎ, உஎ’ என்று விரலை உயர்த்திக் காட்டினார். மேலே என்று அர்த்தம். பாதி இறக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டு வரை கூடவே வந்தார். ஏறி வெளியே வந்தால், ஹெப் ஃபைவ் கட்டடத்தின் உச்சியில் பெரிய சிவப்பு ராட்டினம்! என் ஹோட்டல் அதற்குப் பின்தெருதான்.

முன்னதாக அம்மா கூப்பிட்டபோது ரயிலில் இருந்தேன். அங்கே ரயிலில் போன் பேசுவது மரியாதை இல்லை என்பதால் எடுக்கவில்லை. ராத்திரி 9 மணிக்கு, ஊரில் சாயந்திரம் 5.30, ஹெப் ஃபைவ் எதிரிலேயே நின்று வீடியோ காலில் ராட்டினத்தைக் காட்டினேன். “அந்தம்மாவுக்கு நன்றி சொன்னியா?” என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன்மா, காதில் விழுந்துச்சான்னு தெரியலை.

போகிறவர்கள் ஸ்டேஷன் பெயரோடு எக்ஸிட் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வழி தப்பினால் முதலில் தரைக்கு மேலே ஏறிவிட்டு அப்புறம் மேப்பைத் திறங்கள்.

* * *

ஒசாகாவில் உங்களுக்கு வழிகாட்டிய பாட்டியைப் பற்றிப் படித்ததும் எங்கள் டோக்கியோ ராத்திரி நினைவுக்கு வந்தது. ஷிஞ்ஜுகு ஸ்டேஷனுக்கு 200க்கு மேல் வாசல்கள். நானும் வீட்டுக்காரரும் ஒரே பாக்கெட் வைஃபையை (கையடக்க நெட் கருவி) நம்பிப் போயிருந்தோம். கூட்டத்தில் பிரிந்துவிட்டோம், கருவி அவர் பையில். என் போன் வெறும் கேமராவாகிவிட்டது. தயவுசெய்து ஆளுக்கொரு சிம் போட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கு வாசல் பக்கம் கோபான் கண்ணில் பட்டது. தெருமுனை போலீஸ் பூத். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, வட்டாரம், பிளாக், கட்டட எண் என்றுதான் முகவரி. ஹோட்டல் அட்டையில் அது ஜப்பானிய மொழியில் இருந்ததால் பிழைத்தேன். போலீஸ்காரர் வரைபடத்தை விரித்துத் தேடி, ஒரு தாளில் மூன்று சிக்னல் வரைந்து, இரண்டாவதில் இடப்பக்கம் அம்புக்குறி போட்டுக் கொடுத்தார். ஹோட்டல் வாசலில் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தத் தாள் இன்னும் என் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.