நிக்கல் போட்டால் வாசிக்கும் பியானோ: பார்த்தவர்களும் ஏமாந்தவர்களும்

பென்சில்வேனியாவிலிருந்து

லான்காஸ்டர் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டைக் காலி செய்கிறார்கள், பழைய தச்சு மேசை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசை எனக்கு முன்பே விற்றுப்போயிருந்தது. களஞ்சியத்தின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு பியானோ நின்றது. முன்பக்கம் முழுவதும் வண்ணக் கண்ணாடி. வலது ஓரத்தில் காசு போடப் பித்தளைத் துளை. விற்றவர் மின்சாரத்தை இணைத்து ஒரு நிக்கலை, அதாவது ஐந்து செண்ட் காசை, போட்டார். உள்ளே யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். பிறகு கட்டைகள் ஆள் இல்லாமலே இறங்கி ஏறத் தொடங்கின.

"1910இல் செய்தது. பிட்ஸ்பர்க்கில் ஒரு மதுக்கடையில் இருந்தது. அசல் நிக்கலோடியன்" என்றார். கட்டைகளுக்கு அடியில் கிடைத்தவை என்று 1917, 1923 என ஆண்டு பொறித்த இரண்டு செப்புக் காசுகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்தக் காசுகளில்தான் நான் விழுந்தேன். பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது; இப்போதுதான் சந்தேகம் வருகிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிகாகோவிலிருந்து

தம்பி, காசு ஒரு சாட்சியே இல்லை. எந்தப் பழைய பியானோவின் கட்டைகளைக் கழற்றினாலும் காசு, கொண்டை ஊசி, பென்சில் துண்டு எல்லாம் கிடைக்கும். தேவாலயத்துப் பியானோவிலும் கிடைக்கும். மதுக்கடையில் இருந்தது என்ற கதையும் அப்படித்தான். பதினெட்டு ஆண்டுகளாக இவற்றைப் பழுது பார்க்கிறேன். மதுக்கடையில் இல்லாத ஒரு பியானோவைக்கூட எனக்கு இதுவரை யாரும் விற்க முயன்றதில்லை.

'நிக்கலோடியன்' என்ற பெயரே அந்தக் காலத்தில் ஐந்து செண்ட் சினிமாக் கொட்டகைக்கு வழங்கியது. 1950 வாக்கில் அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்த ஒரு பாட்டு அதைப் பியானோவுக்கு ஒட்டவைத்துவிட்டது. அதன்பிறகு பீட்சா கடைகளிலும் ஐஸ்கிரீம் கடைகளிலும் இவற்றை வைப்பது நாகரிகமாகிவிட, வீடுகளில் காலால் மிதித்து வாசித்த தானியங்கிப் பியானோக்களை வாங்கி, மோட்டாரும் காசுப்பெட்டியும் வண்ணக் கண்ணாடியும் பொருத்தி விற்றார்கள். உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். கண்ணாடியைப் பார்க்காதீர்கள், முழங்கால் போட்டு உட்கார்ந்து அடிப்பலகையைப் பாருங்கள். மிதிகட்டைகள் வெளியே வந்த வாயை அடைத்த ஒட்டு தெரிகிறதா? கட்டைகளுக்கு முன்னால் உள்ள மெல்லிய மரப்பட்டை கீலில் மடிந்து திறக்கிறதா, அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களோ அவை இருந்த தடமோ உண்டா? இருந்தால் அது வீட்டுப் பியானோ. மதுக்கடைக்காரர் குடிப்பவர் கையில் வேகத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாரா?

அடுத்தது சுருள், அதாவது பாட்டைத் துளைகளாக வெட்டிய காகிதச் சுருள். காகிதம் ஊர்ந்து போகும் பித்தளைச் சட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளைகள் என்று எண்ணுங்கள். சிகாகோ சீபர்க் கம்பெனியின் சாதாரண மாடல்களும் வேறு பல கம்பெனிகளின் பியானோக்களும் வாசித்த 'ஏ' சுருளுக்கு அங்குலத்துக்கு 6 துளை. ஒரு சுருளில் 10 பாட்டு. எல்லாம் முடிந்ததும் தானே திரும்பிச் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கான 88 சுரச் சுருளில் அங்குலத்துக்கு 9 துளை, பெரும்பாலும் ஒரே பாட்டு. இரண்டுக்கும் காகித அகலம் 11¼ அங்குலம்தான் என்பதால் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: காயினோலா பியானோவின் 'ஓ' சுருளும் 9 துளைதான், ஆனால் அது அசல் காசுப் பியானோ. ஆகவே துளையை மட்டும் எண்ணித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

காசுப்பெட்டியையும் திறந்து பாருங்கள். சீபர்க்கில் காசை வரிசையாகச் சேர்த்து வைக்கும் அமைப்பு இருக்கும்; 20 நிக்கல் வரை ஒரே மூச்சில் போட்டுவிட்டு உட்காரலாம். காசு விழுந்ததும் மோட்டார் ஓடும். பாட்டின் முடிவில் காகிதத்திலேயே உள்ள ஒரு துளை அதை நிறுத்தும். பின்னால் ஒட்டவைத்த வேலையில் இந்த இடம்தான் பல்லிளிக்கும்.

நானும் ஏமாந்தவன்தான். முதலில் வாங்கியது ஒரு சீபர்க் 'எல்', சின்ன உருவம். அசல்தான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு முன்னால் கை வைத்தவர், உள்ளே சுத்தியல்களை இயக்கும் குட்டித் துருத்திகளை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார். பழைய கைவினைஞர்கள் வச்சிரம் என்ற தோல் பசையைக் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், மரத்துக்குச் சேதமில்லை. வெள்ளைப் பசை விடாது. துணியைப் பிரித்தால் மரமும் நார்நாராகக் கூடவே வந்தது. கட்டைவிரல் அகலமுள்ள துருத்திப் பலகைகளைத் திரும்ப அறுத்துச் செய்ய ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. வாங்குமுன் ஒரு துருத்தியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தேன் நிறத்தில் கண்ணாடிபோல நொறுங்கினால் நல்லது. ரப்பர்போல இழுபட்டால் விலையைப் பாதியாக்குங்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து

சேகரிக்க வசதியில்லாதவர்கள் இங்கே 45ஆம் படகுத்துறையில் உள்ள மியூசி மெக்கானிக் என்ற அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நுழைய டிக்கெட் இல்லை, சில்லறை இருந்தால் போதும். 300க்கு மேற்பட்ட பழைய காசு இயந்திரங்கள் இருக்கின்றன. கும்பகோணத்தில் ஆர்மோனியம் பழுது பார்த்த என் அப்பாவை அழைத்துப்போனேன். பாட்டை அவர் கவனிக்கவே இல்லை. பியானோவின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது காற்றைத் தள்ளவில்லை, இழுக்கிறது" என்றார். காகிதத் துளை வழியாகக் காற்று நுழைந்ததும் ஒரு தோல் வட்டம் எழும்பி வால்வைத் திறக்கும். உறிஞ்சலில் குட்டித் துருத்தி சுருங்கிச் சுத்தியலை இயக்கும். "ஆர்மோனியத்தில் ஒழுக்கு இருந்தால் கையில் காற்று படும். இதில் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?" என்று வீடு வரும்வரை அதே கவலை அவருக்கு.

பிங்ஹாம்டனிலிருந்து

எங்கள் ஊரில் இருந்த லிங்க் கம்பெனி பியானோக்களை அடையாளம் காண்பது சுலபம். சுருளே கிடையாது. காகிதம் முனை சேர்த்து ஒட்டிய முடிவில்லாத வளையம். ஒரு பெட்டிக்குள் மடிந்து மடிந்து விழுந்துகொண்டே இருக்கும். திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. அந்த முதலாளியின் மகன் எட்வின் லிங்க், அப்பாவின் ஆலையில் இருந்த அதே துருத்திகளையும் உறிஞ்சு பம்புகளையும் வைத்து, தரையிலேயே நின்று ஆடி அசையும் விமானப் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934இல் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. பேசும் படமும் வானொலியும் வந்து பியானோ வியாபாரம் படுத்த நேரம் அது. இங்கே விமான நிலையத்துக்கு அவர் பெயர்.

நியூ ஜெர்சியிலிருந்து

பியானோவோடு நிறுத்திவிட்டீர்களே. ஒரு சேகரிப்பாளர் வீட்டில் மில்ஸ் கம்பெனியின் வயலானோ கேட்டேன். பெட்டிக்குள் நிஜ வயலின். வில்லுக்குப் பதில் தந்திக்கு ஒன்றாக நான்கு சுழலும் வட்டுகள். விரல் வேலையை மின்காந்தங்கள் பார்க்கின்றன, துருத்தியே இல்லை. தந்தியின் சுருதி குறையாமல் இருக்க எடைக்கட்டி தொங்கவிட்டிருக்கிறார்கள். பத்தாண்டின் எட்டு மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று அரசாங்கமே சொன்னதாகப் பெட்டியின் மேல் பட்டையில் அச்சிட்டிருந்தது. விளம்பரக்காரர்கள் அன்றும் இப்படித்தான். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கமகம் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பென்சில்வேனியாவிலிருந்து

நேற்று இரவு டார்ச் விளக்குடன் தரையில் படுத்தேன், சிகாகோ அண்ணா. அடிப்பலகையில் ஒட்டு இருக்கிறது. கறை பூசி மறைத்திருக்கிறார்கள், ஆனால் மர நாரின் ஓட்டம் சேரவில்லை. முன்பட்டை கீலில் மடிகிறது. உள்ளே நெம்புகோல்களைக் கழற்றிய நான்கு துளைகள். அங்குலத்துக்கு 9. சுருளில் ஒரே பாட்டு. காசுப்பெட்டியின் திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவை, போன வருடம் என் சமையலறை அலமாரிக்கு நான் வாங்கியவை போலவே பளபளக்கின்றன. துருத்தியைச் சுரண்டினேன். ரப்பர்.

வண்ணக் கண்ணாடி மட்டும் நன்றாக இருக்கிறது, பூஜை அறைக் கதவுக்குச் சரியாக இருக்கும் என்கிறாள் மனைவி. அளவெடுத்தும் விட்டாள். பியானோவை வரவேற்பறையிலிருந்து கராஜுக்கு மாற்ற ஐந்து பேராவது வேண்டும். அருகில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலை வர முடியுமா? இட்லி, வடைகறி உண்டு.