ஹம்மிங்பேர்ட் படத்தில் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து விழுகிறது, லென்ஸ் கோளாறா?

கொல்லைப்புறக்கேமரா:

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம், அதில் ஒரு எலுமிச்சை மரம், அதன் கிளையில் சர்க்கரைத் தண்ணீர் ஃபீடர் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் விடிந்ததும் அன்னாஸ் என்ற இனத்து ஆண் ஹம்மிங்பேர்ட் ஒன்று வந்துவிடும். பெண் ஒன்றும் எட்டிப் பார்க்கும், ஆனால் இவன் விடமாட்டான், வேலி ஓரத்துக் குச்சியில் காவலுக்கு உட்கார்ந்து யார் வந்தாலும் துரத்துகிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா காபி டம்ளரோடு ஜன்னலிலேயே நிற்கிறார், "தேன்சிட்டு வந்தாச்சு" என்று அறிவிப்பு வேறு.

மூன்று வாரத்தில் இரண்டாயிரம் படமாவது எடுத்திருப்பேன், அம்மாவிடம் காட்டும்படி ஒன்றுகூட தேறவில்லை. மிர்ரர்லெஸ் கேமரா, 100-400 மிமீ லென்ஸ், ஷட்டர் வேகம் 1/3200 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, இரண்டு மீட்டர் தூரம். இறக்கை வெறுமனே மங்கியிருந்தால்கூட சரி என்று விட்டுவிடுவேன், பல படங்களில் வாழைப்பழம் போல வளைந்து, ஒன்று நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் விழுகிறது. கழுத்து நேரில் ரோஜா நிறத்தில் ஜொலிக்கிறது, படத்தில் கரியை அப்பியது போல இருக்கிறது. பின்னணியில் எப்போதும் வேலிப் பலகை. பறவை மிரளக் கூடாதே என்று சத்தம் வராத மோடில்தான் எடுக்கிறேன். ஃபிளாஷ் வாங்குவதா, இன்னும் பெரிய லென்ஸா? வீட்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைக்கும்.

பிக்சல்_பித்தன்:

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. "சத்தம் வராத மோடில்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அந்த மோடில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேலை செய்யும். ஒளியைப் பிடிக்கும் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நொடிப்பில் பிடிக்காது, மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்துக்கொண்டே போகும். 1/3200 என்பது ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நேரம் மட்டும்தான், முழுப் படத்தையும் படித்து முடிக்கப் பல கேமராக்களுக்கு 1/30 வினாடி அளவுக்கு ஆகிவிடும். உங்கள் பறவை வினாடிக்கு 40, 50 முறை இறக்கை அடிக்கிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழே வருவதற்குள் இறக்கை வேறு இடத்துக்குப் போயிருக்கும், அதுதான் வளைவு. மிக வேகமாகப் படிக்கும் ஸ்டேக்டு சென்சார் உள்ள விலை கூடிய கேமராக்களில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு, மற்றவர்களுக்கு சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டர்தான் வழி.

சத்தத்துக்குப் பறவை பயப்படாது, இரண்டு நாளில் பழகிவிடும். ஓயாமல் டிக்டிக் என்று கத்திக்கொண்டு ஊரையே விரட்டும் பிராணி, உங்கள் ஷட்டர் சத்தத்துக்கா ஓடப்போகிறது?

இன்னொன்று, இரண்டு மீட்டரில் லென்ஸை 400 மிமீ, எஃப் 6.3இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்தான் தேறும். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் இறக்கை நுனி தானாகவே வெளியே போய்விடும். வெளிச்சம் இருந்தால் திறப்பைச் சுருக்கி எஃப் 8க்குப் போங்கள்.

சால்வியா_அக்கா:

தம்பி, எதையும் வாங்காதே, முதலில் ஃபீடரை இடம் மாற்று. கழுத்து கருப்பாக விழுவதற்குக் காரணம் கேமரா இல்லை, நீ நிற்கும் இடம். அந்த ரோஜா நிறம் சாயத்தால் வருவதில்லை. இறகுக்குள் நுண்ணிய அடுக்குகள் இருக்கின்றன, அவற்றில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தில் நாம் இருந்தால்தான் நிறம், கொஞ்சம் விலகினால் கருப்பு. அதனால் சூரியன் உன் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும், பறவை உன்னைப் பார்க்க வேண்டும். காலை ஏழரை, எட்டு மணி எனக்குத் தோதுப்படும் நேரம். அன்னாஸ் ஆணுக்குக் கழுத்து மட்டுமில்லை, தலையும் அதே நிறம்தான். தலையைத் திருப்பும்போது ஒரு கணம் முழுசாகப் பற்றிக்கொள்ளும், அந்த ஒரு கணத்துக்காக நான் ஒரு முழு சனிக்கிழமை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை.

பின்னணிக்கு ஒரே வழிதான். ஃபீடருக்கும் வேலிக்கும் இடையே ஐந்தாறு மீட்டராவது விடு, பலகை கரைந்து பச்சையாகவோ பழுப்பாகவோ ஆகிவிடும். ஃபீடரில் ஒரு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் டேப் போட்டு அடை. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இல்லாமல், ஒரு சாண் பின்னால் ஃபோகஸை வை. ஏன் என்றால் அது குடித்துக்கொண்டே இருக்காது, இரண்டு மடக்கு குடிக்கும், பின்பக்கமாக நகர்ந்து காற்றில் நிற்கும், மறுபடி வரும். பிளாஸ்டிக் ஃபீடர் இல்லாத படம் அந்தப் பின்நகர்வில்தான் கிடைக்கும். பூந்தொட்டியில் சால்வியா, கஃபியா இரண்டும் வைத்தால் ஃபீடரே தேவைப்படாது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். தேன், நாட்டுச்சர்க்கரை, சிவப்புச் சாயம் எதுவும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்று. படத்துக்காகப் பறவையை நோயில் தள்ளக் கூடாது.

ஜெர்சி_ஃபிளாஷ்:

அக்கா சொல்வது கலிபோர்னியா வெயிலுக்குச் சரி, எங்கள் நியூஜெர்சித் தோட்டத்தில் பாதி நேரம் மரநிழல்தான். இங்கே வருவது ரூபி த்ரோட்டட் என்ற வேறு ஹம்மிங்பேர்ட் இனம், ஏப்ரல் கடைசியில் வந்து செப்டம்பரோடு கிளம்பிவிடும், உங்களைப் போல வருஷம் முழுக்க உட்கார்ந்து எடுக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இறக்கை இறகு ஒவ்வொன்றும் எண்ணும்படி வேண்டுமென்றால் 1/3200 போதாது, நுனி அதற்குள் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். சாதாரண ஸ்பீட்லைட்டை (கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷ்) 1/16 அல்லது 1/32 பவரில் வைத்தால் அது எரிந்து அணையும் நேரம் சுமார் 1/10,000 வினாடி, இன்னும் குறைவாகக்கூட இருக்கும். கேமராவை 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200இல் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அது முழுக்க இருட்டாக வரவேண்டும். அப்புறம் ஃபிளாஷைப் போடுங்கள். பவர் குறைவு என்பதால் ஒன்று போதாது, இரண்டு மூன்று பழைய ஃபிளாஷ்களை ஃபீடருக்கு அரை மீட்டரில் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும், பின்னணிக்கும் ஒன்று, இல்லையென்றால் நடுப்பகலில் எடுத்தது நள்ளிரவு மாதிரி இருக்கும்.

எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது, ஹை ஸ்பீட் சிங்க். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் ஃபிளாஷ் ஷட்டர் கடந்துபோகும் நேரம் முழுக்கத் துடித்துக்கொண்டே எரியும், தொடர்ந்து எரியும் விளக்கு மாதிரிதான், உறைய வைக்கவே வைக்காது. நான் ஒரு கோடை முழுவதையும் இப்படித் தொலைத்தேன்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்ஜர்டன் ஃபிளாஷ் வைத்து இந்தப் பறவையை உறைய வைத்தது 1930களில், அதனால் நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சால்வியா_அக்கா:

ஃபிளாஷ் படத்தில் இறக்கை கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மை போல நிற்கும், எனக்கு அது பிடிக்காது. நுனி கொஞ்சம் மங்கினால்தானே பறக்கிறது என்று தெரியும்? ரசனை விஷயம், விட்டுவிடுகிறேன். ஆனால் கூட்டுப் பக்கம் ஃபிளாஷைக் கொண்டுபோகாதே, படம் தெளிவாக வரட்டும் என்று கூட்டை மறைக்கும் இலையையும் வெட்டாதே. அங்கே அன்னாஸ் டிசம்பரிலேயே கூடு கட்ட ஆரம்பித்துவிடும், எலுமிச்சை மரத்தைக் கத்தரிக்கும் முன் நன்றாகப் பார்.

அப்புறம் அம்மாவிடம் சொல், இது தேன்சிட்டு இல்லை. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு, நம் ஊர்த் தேன்சிட்டு முற்றிலும் வேறு குடும்பம். இரண்டும் தேன் குடிப்பதால் உருவம் ஒத்துப்போகிறது. தேன்சிட்டு பெரும்பாலும் பூக்காம்பில் தொற்றிக்கொண்டுதான் குடிக்கும், இதுதான் காற்றில் நின்றபடியே குடிக்கும்.

கொல்லைப்புறக்கேமரா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு டாலர்கூடச் செலவழிக்கவில்லை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறியதுமே வாழைப்பழம் போய்விட்டது. ஃபீடரைத் தோட்டத்தின் நடுவுக்கு, துணி காயப்போடும் கம்பிக்கு மாற்றினேன், மூன்று ஓட்டையை டேப் போட்டு அடைத்தேன், முதல் நாள் முழுக்க அவன் மூடிய ஓட்டைகளையே கொத்திக்கொண்டிருந்தான், பாவமாக இருந்தது. நேற்றுக் காலை எட்டேகாலுக்கு, 1/4000, எஃப் 8, ஐஎஸ்ஓ 3200. குடித்துவிட்டுப் பின்னால் வந்து என்னைப் பார்த்துத் திரும்பினான், தலையும் கழுத்தும் அப்படியே பற்றி எரிந்தன. நாற்பது படத்தில் ஒன்று. இறக்கை நுனி மங்கல்தான், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஜெர்சிக்காரர் மன்னிக்கவும்.

அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, காலை எங்கேடா வெட்டிட்ட?" என்கிறார்.

பிக்சல்_பித்தன்:

வெட்டவில்லை என்று சொல்லுங்கள், பறக்கும்போது காலை வயிற்று இறகுக்குள் மடக்கிவிடும். இருப்பதே துணுக்குக் கால். அவன் காவல் இருக்கும் குச்சிக்குக் குறி வைத்து உட்காருங்கள், அங்கே 1/500 போதும், ஐஎஸ்ஓவும் இறங்கும்.